பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது? ஒற்றனும் கள்வனும் காதலிக்கும் விண்வெளிக் கதை எழுத நினைப்பவர்களுக்கு

ஓர் உளவாளி, ஒரு திருடன். இருவரும் ஆண்கள். இருவரும் ஒரே பெட்டகத்தைக் குறிவைக்கிறார்கள், நடுவில் காதல் வந்துவிடுகிறது. இப்படி ஒரு கதையை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் சந்திப்பையும் முதல் முத்தத்தையும்தான் முதலில் யோசிக்கிறார்கள். நான் முதலில் யோசிக்கச் சொல்வது பெட்டகத்துக்குள் இருக்கும் பொருளை. அது சரியாக அமையாவிட்டால் காதலை எவ்வளவு அழகாக எழுதினாலும் அது கதையின் ஓரத்தில்தான் நிற்கும். காதல் பக்கங்களை மொத்தமாகப் பிய்த்து எடுத்துவிட்டாலும் கொள்ளை தன்பாட்டுக்கு நடந்து முடியும் என்றால், அந்தக் கதையில் காதலுக்கு வேலையே இல்லை.

இந்த இரண்டு தொழில்களுக்கும் அடிப்படையிலேயே ஒத்துப்போகாது. திருடன் பொருளை எடுத்துக்கொண்டு போகிறான். மறுநாள் காலையில் உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். அதற்குள் தொலைதூரம் போயிருந்தால் போதும். உளவாளிக்கு அதே நிகழ்வு படுதோல்வி. எதிரியின் ரகசியச் சாவி தன் கைக்கு வந்துவிட்டது என்று எதிரிக்குத் தெரிந்த நிமிடமே சாவியை மாற்றிவிடுவார்கள், எடுத்தது குப்பை. அதனால் அவன் நகல் எடுப்பான். மூலத்தை இருந்த இடத்தில், இருந்த கோணத்திலேயே வைத்துவிட்டு வருவான். ஒருவனுக்குப் பொருள் வெளியே வர வேண்டும், மற்றவனுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். காதல் நிற்க வேண்டிய இடம் இந்தப் பிளவுதான்.

பொருள் ஒரு சாதாரணத் தரவுத் தகடு என்று வைத்தால் இந்த முரண் ஒரே பக்கத்தில் தீர்ந்துபோகும். ஆளுக்கொரு நகல், முடிந்தது. வாசகர் இந்த வழியைக் கதாபாத்திரங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார். அறிவியல் புனைகதை என்ற வகை கைகொடுப்பது இங்கேதான். முன்பின் அறியாத ஒரு குவாண்டம் நிலையை, அதாவது அணு, ஒளித்துகள் போன்ற நுண்பொருளின் நிலையை, அப்படியே பிரதி எடுக்க முடியாது என்று 1982-ல் வூட்டர்ஸ், சூரெக் என்ற இயற்பியலாளர்கள் இருவரும், தனியாக டீக்ஸும் நிறுவினார்கள். அளந்து பார்த்தால் நிலை குலையும்; அளக்காமல் நகலெடுக்க வழியில்லை. பெட்டகத்துக்குள் அப்படி ஒரு பொருளை வையுங்கள். ஒன்றுதான் இருக்கும், ஒருவன் கையில்தான் இருக்க முடியும்.

அதைத் தொட்டுப் பார்க்கும்படி எழுதுவதற்கு உண்மையான அடித்தளமும் இருக்கிறது. யூரோப்பியம் அயனிகள் கலந்த ஒரு படிகத்தில், 2 கெல்வின் (சுமார் மைனஸ் 271 டிகிரி செல்சியஸ்) குளிரில், சரியாகத் தேர்ந்தெடுத்த காந்தப் புலத்துக்குள், குவாண்டம் ஒத்திசைவு, அதாவது அந்த நிலை குலையாமல் இருப்பது, சுமார் 6 மணி நேரம் நீடித்ததாக 2015-ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வுக்குழு அறிவித்தது. உங்கள் கதையின் நூற்றாண்டில் அந்த 6 மணி நேரத்தை நாற்பது நாளாக நீட்டிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். குளிரையும் காந்தத்தையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். திருடன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடக்கூடிய சிப்பாக அது இருக்கக் கூடாது. திரவ ஹீலியம் நிரம்பிய கலம், அதைச் சுற்றிக் காந்தச் சுருள், இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய எடை. சாதாரண அழுத்தத்தில் திரவ ஹீலியம் 4.2 கெல்வினில் கொதிக்கும்; 2 கெல்வினுக்கு இறக்க வேண்டுமானால் மேலே உள்ள ஆவியை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். விண்வெளியில் ஒரு குழாயை வெற்றிடத்துக்குத் திறந்துவிட்டால் பம்ப்பே தேவையில்லை. ஆனால் கசிவு கண்டுபிடிக்கும் கருவிகள் பொதுவாகத் தேடுவதே ஹீலியத்தைத்தான். திருடனைக் காட்டிக்கொடுக்க இதைவிட நேர்மையான வழி கிடைக்காது.

இருவருக்கும் என்ன வேண்டும் என்பதைத் துல்லியமாக எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். திருடனுக்குப் படிகம் வேண்டும், வாங்க ஆள் இருக்கிறது. ஒற்றனின் நாட்டுக்குப் படிகம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஒளியுணரி மட்டும் தங்களுடையதாக மாற வேண்டும். இதுவும் கற்பனை அல்ல. ரகசியச் சாவியை ஒளித்துகள்கள் வழியே பகிர்ந்துகொள்ளும் குவாண்டம் சாவிப் பரிமாற்றத்தின் இயற்பியலை யாரும் உடைக்கவில்லை. 2010 வாக்கில் ஆய்வாளர்கள் ஏமாற்றிக் காட்டியது அதன் ஒளியுணரிகளை, பலமான ஒளியைப் பாய்ச்சிக் கண்ணைக் கூசவைத்து. ஆக, படிகம் வெளியே போனால் ஒற்றன் தோற்றான். உள்ளேயே இருந்தால் திருடன் தோற்றான். முழுக்கதையும் இந்த இரண்டு வரியில் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாவன என்று எட்டைச் சொல்வான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒரு குற்றமும் செய்யாதவனைக் கொல்வதற்குச் சொன்ன பட்டியல் அது, ஆனால் கொள்ளைக் கதை எழுதுகிறவருக்கு இன்றைக்கும் உதவும். விண்வெளிக் கொள்ளை எழுதுகிறவர்கள் கருவியிலும் தந்திரத்திலும் நூறு பக்கம் செலவழித்துவிட்டு இடத்தையும் காலத்தையும் வெறும் பின்னணியாக விட்டுவிடுகிறார்கள். உண்மையில் வேலையைப் பெரும்பாலும் செய்து தருவது அந்த இரண்டும்தான்.

இடத்தை எடுத்துக்கொள்வோம். சுழலும் நிலையம் என்றால் கணக்கு போட்டுவிட்டு எழுதுங்கள். நிமிடத்துக்கு 2 சுற்று, விளிம்பில் பூமியின் எடை வேண்டும் என்றால் ஆரம் சுமார் 224 மீட்டர். விளிம்பின் வேகம் விநாடிக்கு 47 மீட்டர். சுற்றளவு 1,400 மீட்டர் சொச்சம், அதாவது சாதாரண நடையில் பதினேழு பதினெட்டு நிமிடத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். பின்தொடர்பவரை உதறிவிட ஒற்றர்கள் ஊருக்குள் இரண்டு மூன்று மணி நேரம் சுற்றி வருவது வழக்கம். இங்கே அப்படிச் சுற்றினால் அதே கடைக்காரர் முன்னால் ஏழெட்டு முறை போக வேண்டியிருக்கும். எனவே ஒளிய வேண்டியவர்கள் ஆரக்கால் வழியாக அச்சை நோக்கி ஏறுவார்கள். பாதி வழியில் எடை பாதியாகும், நடுவில் எடையே இருக்காது. அவர்கள் தனியாகச் சந்திக்கக்கூடிய ஒரே இடம் எடை குறைந்த இடம் என்பது உங்களுக்கு இயற்பியல் தந்த பரிசு. அதைக் கவிதையாக விளக்கிக் கெடுத்துவிடாமல் அவர்களை அங்கே ஏறவிட்டால் போதும். ஓட்டக் காட்சிக்கும் இதே கணக்கு உதவும். சுழலும் திசையில் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடினால் எடை ஐந்தில் ஒரு பங்கு கூடும், எதிர்த்திசையில் ஓடினால் ஏறத்தாழ அதே அளவு குறையும். நிலையத்திலேயே வளர்ந்த திருடன் எந்தப் பக்கம் தப்பி ஓடுவான் என்பதை யோசிக்கவே தேவையில்லை.

இந்த நிலையத்தில் கையிலிருந்து நழுவுகிற பொருள் நேர் கீழே விழாது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையில் சுமார் 12 செ.மீ. பின்தங்கி, சுழற்சிக்கு எதிர்த்திசையில் விழும். விழும் வழியில் முழங்கால் உயரத்தைக் கடக்கும்போது அந்த விலகல் 7 செ.மீ. அளவுக்கு இருக்கும். கோளில் பிறந்து, நிலையத்தில் பிறந்தவனாக நடிக்கிற ஒற்றனுக்கு நடை, திரும்பல், தண்ணீர் ஊற்றுவது என்று எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுத்திருப்பார்கள். திடுக்கிட்டுக் கை நீட்டுவதற்கு யாரும் பயிற்சி கொடுக்க முடியாது. முதல் திருப்பத்தை இதை வைத்தே எழுதலாம்:

“அலமாரித் தட்டிலிருந்து சாவி நழுவியது. இவன் குனிந்து கை நீட்டினான். விரல்கள் காற்றைப் பிடித்தன. நான்கு விரல் அகலம் தள்ளி, பார்வையைக்கூடத் திருப்பாமல், அவன் அதைப் பிடித்திருந்தான்.

‘இந்தாங்க,’ என்றான். இவன் உள்ளங்கையில் சாவியை வைத்து, விரல்களை மடக்கி மூடினான். ‘அடுத்த தடவை நான் இருக்கும்போது மட்டும் கீழே போடுங்க.’”

ஒரு மாத நடிப்பு ஒரு விநாடியில் கலைந்துவிட்டது. திருடனுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தது ஒற்றனுக்கும் தெரியும், ஆனால் திருடன் யாரிடமும் சொல்லவில்லை. “உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது” என்று ஒரு வார்த்தை இல்லை. ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியே அடுத்த ஐம்பது பக்கத்தை இழுத்துக்கொண்டு போகும்.

மேலே உள்ள பத்தியில் இவன், அவன் என்று பிரித்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு ஆண்களின் காதலைத் தமிழில் எழுதும்போது முதலில் இடறுவது இங்கேதான். பெயரைச் சொல்லாமல் ‘அவன் அவன் தோளைத் தொட்டான்’ என்று எழுதினால் யார் யாரைத் தொட்டார்கள் என்று தெரியாது. வினை விகுதியும் உதவாது. ஒவ்வொரு வரியிலும் பெயரைப் போட்டால் காவல் நிலையத்து வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும். பார்வைக் கோணம் யாருடையதோ அவன் ‘இவன்’, எதிரில் இருப்பவன் ‘அவன்’ என்று அத்தியாயத்தின் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டு, அத்தியாயம் முடியும்வரை மாற்றாமல் இருந்தால் வாசகர் இரண்டு பக்கத்தில் பழகிவிடுவார். அடுத்த அத்தியாயத்தில் கோணம் மாறும்போது இவன் அவனாகிறான். தன்னிலையில் எழுதுவது இன்னும் எளிது, ஆனால் இருவரில் ஒருவர் பொய் சொல்லும் தொழிலில் இருப்பதால் ‘நான்’ என்று பேசுபவர் திருடனாக இருப்பது நல்லது. ஒற்றன் ‘நான்’ என்று பேசத் தொடங்கினால் அவன் மறைப்பதையெல்லாம் வாசகரிடமும் மறைக்க வேண்டியிருக்கும். பிறகு அது தெரியவரும்போது வாசகர் திருடனைவிட அதிகமாகக் கோபப்படுவார்.

விளிச்சொல்லையும் அதே கவனத்தோடு கையாளுங்கள். மேலே திருடன் “இந்தாங்க” என்கிறான். நீங்க என்பதிலிருந்து நீ என்பதற்கு எப்போது இறங்குவது, முதலில் இறங்குவது யார், ‘டா’ எந்தக் காட்சியில் வரும் என்று மூன்றையும் முன்கூட்டியே திட்டமிடுங்கள். வேடத்தில் இருக்கும் ஒற்றன் வாய் தவறி ‘நீ’ என்று சொல்வது காதல் காட்சி மட்டுமல்ல, பாதுகாப்பு மீறலும்கூட, பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது கேட்டிருந்தால். கோபத்தில் மீண்டும் ‘நீங்க’ என்று ஏறுவது கதவைச் சாத்துவதைவிடப் பலமாகக் கேட்கும். இந்தக் கருவி நம் மொழியில் சும்மா கிடக்கிறது. பயன்படுத்தாமல் விடுவது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

இனி காலம். நிலையம் செவ்வாயைச் சுற்றுகிறது, ஒற்றனைக் கையாளும் அதிகாரி பூமியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒளி ஒரு வழி போக, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். தொலைவு அதிகமாக இருக்கும்போது ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க முக்கால் மணி நேரம். காதுக்குள் ஆணையிடும் குரல் என்ற வழக்கமான உத்தி இங்கே செல்லாது. ஒற்றன் தனியாக முடிவெடுக்க வேண்டும், பிறகு எழுத்தில் கணக்கு ஒப்பிக்க வேண்டும். இன்னொன்று: ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் இரண்டு கோள்களுக்கும் நடுவில் வந்துவிடும். சூரிய வளிமண்டலத்தின் மின்மத் துகள்கள் சமிக்ஞையைக் கெடுக்கும் என்பதால், இப்போதும் செவ்வாயில் உள்ள விண்கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதைச் சுமார் இரண்டு வாரம் நிறுத்திவைக்கிறார்கள். கொள்ளையை அந்த இரண்டு வாரத்துக்குள் வையுங்கள். ‘இடையில் செய்தியை வாங்கி அனுப்பும் ஒரு செயற்கைக்கோள் வைத்தால் போதுமே’ என்று வாசகர் கேட்பார். இருக்கட்டும், ஆனால் அது நிலையத்து முதலாளிகளுடையது, யார் பேசினாலும் பதிவாகும்.

ஒற்றனின் காதலை நம்பவைப்பது இந்தக் கதை வகையிலேயே கடினமான வேலை. கிழக்கு ஜெர்மனியின் வெளிநாட்டு உளவுத்துறை, மார்க்கஸ் வோல்ஃப் தலைமையில், மேற்கு ஜெர்மனியின் தலைநகராக இருந்த பான் நகரின் அலுவலகங்களில் வேலை செய்த பெண் செயலர்களைக் காதலித்து வசப்படுத்த ஆண்களை அனுப்பியது உலகறிந்த விஷயம். காதலே கருவியாக இருந்த தொழில் இது. ஆகவே ஒற்றன் சொல்கிற எந்த இனிய சொல்லையும் வாசகர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. கண்ணீரும் சத்தியமும் உதவாது. அவன் எழுதும் அறிக்கையில் ஒரு துளை விழ வேண்டும். ஒவ்வொரு சந்திப்புக்கும் அவன் தொடர்பு அறிக்கை எழுதியாக வேண்டும். அந்த அறிக்கையையே வாசகருக்குக் காட்டுங்கள்:

“14:10 முதல் 14:50 வரை. இரண்டாம் தளக் கடையில் இலக்குடன் சந்திப்பு. புதிய தகவல் இல்லை.”

சந்திப்பு 15:35 வரை நடந்தது என்று முந்தைய அத்தியாயத்தில் வாசகர் பார்த்திருக்கிறார். அந்த 45 நிமிடம் தன் நாட்டிடமிருந்து அவன் எடுத்துக்கொண்டது. வாசகர் நம்புவது இதைத்தான். பிறகு குறள் சொல்வதைக் கேளுங்கள். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார் என்கிறது ஒற்றாடல் அதிகாரம். ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்தால் நம்பு என்கிறது. எந்த உளவுத்துறையும் இப்படித்தான் இயங்கும். நிலையத்தில் இன்னொரு ஒற்றன் இருக்கிறான், இவனுக்கு அவனைத் தெரியாது, அவன் அறிக்கையில் 15:35 என்று இருக்கிறது. இரண்டு காகிதங்களும் ஒரே மேசைக்கு வந்துசேரும் நாளை, சூரியன் குறுக்கே வருவதற்கு முந்தைய நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டகத்தைத் திறக்கும் காட்சிக்கு வருவோம். கதையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் முடிவு. பூட்டு எண்வட்டு உள்ள இயந்திரப் பூட்டாக இருக்கட்டும். எதிர்காலத்தில் அதை ஏன் வைத்திருப்பார்கள்? அதற்கு மின்சாரம் தேவையில்லை, எந்தச் சமிக்ஞையும் வெளியே கசியாது, தொலைவிலிருந்து உடைக்க முடியாது. மூன்று சக்கரம், நூறு எண் என்றால் காகிதத்தில் பத்து லட்சம் சேர்க்கைகள். யாரும் அவற்றை ஒவ்வொன்றாக முயல்வதில்லை. வட்டைச் சுற்றி, பூட்டுக்குள் இருக்கும் நெம்புகோலின் மூக்கு, வட்டோடு சேர்ந்து சுழலும் உந்துசக்கரத்தின் பள்ளத்தில் இடதுபுறம் எங்கே இடிக்கிறது, வலதுபுறம் எங்கே இடிக்கிறது என்று படிக்க வேண்டும். சக்கரங்களை இரண்டிரண்டு எண்ணாக நகர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு அளவு எடுத்தால் ஒரு சுற்றுக்கு 50 நிறுத்தம், 100 அளவுகள். சக்கரத்தின் வெட்டு மூக்குக்கு நேராக வரும் இடத்தில் மூக்கு மயிரிழை ஆழமாக இறங்கும், இடது வலது அளவுகள் ஒன்றையொன்று நெருங்கும். வரைபடத்தாளில் அது ஒரு பள்ளமாகத் தெரியும். வித்தியாசம் வட்டின் ஒரு கோட்டில் எட்டில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. இதற்கு எதிராகவே தரம் பிரிக்கப்பட்ட பூட்டுகளும் உண்டு. முதல் பிரிவுப் பூட்டு என்றால் திறமையான ஒருவர் கையாண்டாலும் 20 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். ஒரே ராத்திரியில் முடியாது, கையுறையோடும் முடியாது. விண்வெளி உடையின் கையுறைக்குள் அழுத்தம் இருக்கும், விரலை மடக்குவதே உழைப்பு, தொடுவுணர்வு செத்துப்போகும். வெற்றிடத்தில் பூட்டைத் தடவித் திறக்கும் நாயகனை எழுதாதீர்கள்.

இந்த வேலைக்கு இரண்டு ஆள் இருந்தால் சௌகரியம். ஒருவன் வட்டைச் சுற்றிக் கிசுகிசுப்பான், மற்றவன் எழுதுவான். “இடது பன்னிரண்டே கால். வலது பத்தொன்பதரை.” மங்கிய விளக்கு, ஒருவன் முதுகு இன்னொருவன் தோளில், நூறு எண்கள், நடுவில் வேறு பேச்சே இல்லை. எந்தப் படுக்கையறைக் காட்சியையும்விட இது நெருக்கமானது, சரியாக எழுதினால். ஆனால் பென்சில் ஒற்றன் கையில் இருக்கிறது. பூட்டு திறந்தால் படிகம் போய்விடும், அவன் பணி தோற்றுவிடும். ஒரே ஓர் எண்ணை மாற்றி எழுதினால் வரைபடத்தில் பள்ளம் மறைந்துவிடும், திருடனின் மூன்று இரவு உழைப்பு வீண். அவன் மாற்றி எழுதட்டும். 36-க்கு நேரே 19 என்பதற்குப் பதிலாக 19 அரை. திருடன் தாளைப் பார்க்கிறான், விரல்நுனியில் உணர்ந்தது வேறு, தாளில் இருப்பது வேறு. அவனுக்குப் புரிந்துவிடும். அவன் கத்தவோ கேள்வி கேட்கவோ கூடாது. “முப்பத்தாறை மறுபடி எடுக்கலாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, வட்டைச் சுற்றி, அதே எண்ணை மீண்டும் சொல்ல வேண்டும். இந்தத் தடவை ஒற்றன் என்ன எழுதுகிறான் என்பதுதான் கதையின் உச்சம். துப்பாக்கியும் வெடிப்பும் இதற்குப் பிறகு வந்தால் சப்பென்று இருக்கும். அவற்றை முன்னால் வைத்துத் தீர்த்துவிடுங்கள்.

அலமாரிக்குள் ஒளிந்துகொள்ளும் காட்சி இல்லாமல் இந்த வகைக் கதை முடிவதே இல்லை, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காற்றுப்புகாத அறையில் முதலில் தீர்வது ஆக்ஸிஜன் என்று எழுதாதீர்கள். அதற்கு வெகுமுன்பே கரியமில வாயு ஆளைப் படுத்திவிடும். 2 கன மீட்டர் அறை, அமைதியாக உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆண்கள் என்றால் ஒரு மணி நேரத்தில் சுமார் 2 சதவீதம், இரண்டு மணி நேரத்தில் சுமார் 4. மூச்சு வேகமாகும், தலை இடிக்கும், நெற்றி வியர்க்கும். 4 சதவீதம் உடனடி ஆபத்து என்று தொழிலகப் பாதுகாப்பு விதிகளே வரையறுக்கும் அளவு. இதயத் துடிப்பு ஏறியது காதலாலா வாயுவாலா என்று இருவருக்கும் தெரியாத அந்த இரண்டு மணி நேரம் நன்றாக எழுத வரும். மனிதன் சும்மா இருந்தாலே 100 வாட் வெப்பம் விடுகிறான் என்பதும் நினைவிருக்கட்டும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி என்றால் வெப்ப உணரியில் இரண்டு பேரும் தெரிவார்கள்.

எப்போது உடலால் சேர்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. வேடம் கலைந்த பிறகுதான். பொய்ப் பெயரோடு ஒருவன் இன்னொருவன் படுக்கைக்குப் போனால், அங்கே கிடைத்த சம்மதம் வேறொரு ஆளுக்குக் கொடுத்தது. பின்னால் எவ்வளவு மன்னிப்புக் கேட்டாலும் அந்தக் கறை போகாது, வாசகர்களில் ஒரு பகுதி அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். சாவி விழும் காட்சியை அவ்வளவு முன்னால் வைத்ததற்கு இதுவும் காரணம். அறுபதாயிரம் சொல் நாவல் என்றால் அது பன்னிரண்டாயிரத்துக்குள் நடந்திருக்க வேண்டும். முழுப்பெயரும் முழு உண்மையும் பாதி நாவலுக்குள்.

இனி, தன்பாலீர்ப்பு அந்த உலகத்தில் ரகசியமா இல்லையா? இதை முடிவு செய்யாமல் முதல் அத்தியாயத்தைத் தொடாதீர்கள். தொழில் ரகசியமும் காதல் ரகசியமும் ஒன்றாகிவிட்டால், ஒற்றனாக இருப்பதும் ஆணை நேசிப்பதும் ஒரே வகைக் குற்றம் என்ற தொனி தானாக வந்துவிடும். பழைய உளவுக் கதைகளின் நோய் அது, பழைய அரசுகளின் நோயும் அதுதான். அமெரிக்காவில் 1953-ல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட ஆணை தன்பாலீர்ப்பாளர்களை அரசுப் பணியிலிருந்து விரட்டப் பயன்பட்டது. மிரட்டலுக்குப் பணிந்துவிடுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். 1957-ல், ஸ்புட்னிக் பறந்த அதே ஆண்டில், ஃபிராங்க் காமெனி என்ற வானியலாளர் ராணுவ வரைபடத் துறையிலிருந்து நீக்கப்பட்டார். பிரிட்டனில் கணினித் துறை முன்னோடி ஆலன் டூரிங், ஆணோடு உறவு கொண்டதற்காக, 1952-ல் தண்டிக்கப்பட்டு ரகசியப் பணிக்கான அனுமதியை இழந்தார். அதே பிரிட்டனின் மாஸ்கோ தூதரகத்தில் இருந்த ஜான் வாஸல், ஆண்களோடு இருந்தபோது 1954-ல் எடுக்கப்பட்ட படங்களால் மிரட்டப்பட்டு 1962 வரை சோவியத்துக்கு உளவு பார்த்தார், 18 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அவரை மிரட்ட முடிந்ததே தன் நாட்டின் சட்டம் அவரைக் குற்றவாளியாக்கி வைத்திருந்ததால்தான். தடைதான் மிரட்டலுக்கான சரக்கைத் தயாரித்தது. உளவு, தூதரகப் பணிகளில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு இருந்த தடையைப் பிரிட்டன் 1991-ல்தான் விலக்கியது. அந்தத் தடைக்காக அதன் வெளிநாட்டு உளவுத்துறையின் தலைவர் 2021-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இதை வைத்துப் பார்த்தால், கதைக்கு மிகவும் வளமான ஏற்பாடு இரண்டு சட்ட எல்லைகள். திருடன் வளர்ந்த நிலையத்தில் யாரும் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒற்றனின் நாட்டில் அது கோப்பில் குறிக்கப்படும் விஷயம்; அவன் மேலதிகாரிகளுக்குத் தெரியும், தெரிந்துதான் அவனை அனுப்பியிருக்கிறார்கள், வேண்டும்போது அதையே அவன் கழுத்தில் போடுவதற்கு. திருடன் கடைவீதியில் சர்வசாதாரணமாக இவன் கையைப் பிடிக்கிறான், இவன் கை விறைக்கிறது. திருடன் அதைத் தன்மீதான வெறுப்பு என்று தவறாகப் புரிந்துகொள்கிறான். எந்த வில்லனும் தேவைப்படாத, இருவரின் வளர்ப்பிலிருந்தே பிறக்கும் சண்டை கிடைத்துவிட்டது.

திருடனின் கூட்டத்துக்கு ஒரு குழூஉக்குறி மொழி வேண்டும் என்றால் இருபது சொல் போதும், அதற்கு மேல் வாசகர் தாங்க மாட்டார். பிரிட்டனில் தன்பாலீர்ப்பு ஆண்கள் பேசிய போலாரியில் நாடகக்காரர், மாலுமி, ரோமானி, திருடர் சொற்கள் எல்லாம் கலந்திருந்தன. 1960-களில் வானொலி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்று அதை ஊரறியச் செய்தபோது அதன் மறைவுப் பயனும் குறைந்தது. உங்கள் கதையிலும் காவலர் ஒருவர் அந்தச் சொற்களில் ஒன்றைச் சாதாரணமாகப் பயன்படுத்தும் நாள் வரட்டும். கூட்டம் கலைய வேண்டிய நேரம் என்று திருடனுக்கு அதுவே செய்தி.

முடிவைப் பற்றி. இருவரில் ஒருவனைக் கொல்லாதீர்கள். தன்பாலீர்ப்புக் காதல் என்றாலே கடைசியில் ஒரு பிணம் என்று வாசகர்கள் அளவுக்கு மேல் பார்த்துவிட்டார்கள். அதற்காகச் செலவே இல்லாத மகிழ்ச்சியும் வேண்டாம். படிகம் ஒன்றுதான், அதை யாராவது இழந்தாக வேண்டும். என் விருப்பம்: ஒற்றன் இரண்டாவது முறை 19 என்று சரியாக எழுதுகிறான், பூட்டு திறக்கிறது, திருடன் கலத்தைத் தூக்காமல் காந்தச் சுருளின் மின்னோட்டத்தை நிறுத்திவிடுகிறான். நிலை குலைந்தது, இனி அது வெறும் படிகம். ஒற்றனின் நாட்டுக்கும் பயனில்லை, வாங்க இருந்தவருக்கும் பயனில்லை. இப்போது இருவரையும் இரண்டு தரப்பும் தேடும். செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே எரிபொருள் குறைவாகச் செலவாகும் பயணத்துக்கான வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், பயணமே எட்டரை மாதம் பிடிக்கும். பூமியிலிருந்து துரத்த ஆள் கிளம்பினாலும் இவர்களுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்பதை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, கடைசி அத்தியாயத்தை அந்தத் தேதிகளை வைத்து எழுதுங்கள். விண்வெளியில் எந்தக் கப்பலும் தன் வெப்பத்தை மறைக்க முடியாது. துரத்தி வருபவர்கள் கிளம்பிய அன்றே இவர்களுக்குத் தெரிந்துவிடும்.